குண்டு விழும் தரையையும் செய்யுங்கள்: சிமுலேட்டரில் சண்டை சேர்ப்பவர்களுக்கு

கணினியில் போர் விமானச் சிமுலேட்டர் ஒன்றைத் திறந்தால் விமானி அறையில் இருக்கும் ஆளிகள் அத்தனையும் வேலை செய்யும். பற்றரியைப் போடாமல் இயந்திரம் தொடங்காது. சிறகின் கீழ் எடை கூடினால் ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டும். காற்றின் திசை, வெப்பநிலை, எரிபொருள் எல்லாம் கணக்கில் வரும். கீழே பார்த்தால் ஊர் வெறும் படம். வீட்டுக்குள் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரம் இல்லை. குண்டு விழுந்தால் புகை எழும்பும், கட்டடம் கறுத்த மொடலாக மாறும், மிஷனைத் திரும்பத் தொடங்கினால் எல்லாம் பழையபடி நிற்கும்.

சிமுலேட்டரில் சண்டை இருக்கலாமா கூடாதா என்ற வாதத்தை நாங்கள் இங்கிருந்துதான் பார்க்கிறோம். சிமுலேட்டர் ஆளைக் கவர்வதே துல்லியத்தைக் காட்டித்தான். அந்தத் துல்லியம் விமானத்தோடு நின்றுவிட்டால், குண்டு போடுவது என்பது ஆளிகளைச் சரியான ஒழுங்கில் அமத்தும் வேலை மட்டுமே என்று விளையாடுபவர் பழகிவிடுவார். ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: ஆயுதத்தை எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறீர்களோ அவ்வளவு நுணுக்கமாக அது விழும் தரையையும் செய்யுங்கள். அதற்கு நேரமோ தரவோ இல்லையென்றால் ஆயுதத்தைக் கழற்றிவிட்டுப் பறக்க விடுங்கள். ஆயுதமில்லாத போர் விமானமும் நல்ல சிமுலேட்டர்தான். மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 2021இல் எஃப்/ஏ-18 போர் விமானம் வந்தபோது சுடும் வசதி இல்லாமல்தான் வந்தது. கப்பல் தளத்தில் இருந்து எழும்புவதும் தாழப் பறப்பதும் போதுமென்று பறந்தவர்கள் ஏராளம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சீனரியும் (பறக்கும் நிலப்பரப்பு) மிஷனும் (விளையாடும் பணி) செய்யப் பழகும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் கீழே உள்ளவற்றை எழுதுகிறோம். செல்லடியையும் (எறிகணை வீச்சு) ஹெலியையும் தரையில் இருந்து கேட்டவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

முதலில் குண்டின் கணக்கு. ஃப்ளைட்கியர் போன்ற திறந்த மூலச் சிமுலேட்டரில் குண்டு ஒரு ‘சப்மாடல்’, அதாவது விமானத்தில் இருந்து பிரிந்து போகும் துணைப் பொருள். எக்ஸ்.எம்.எல் கோப்பில் அதன் எடையை இறாத்தலிலும், இழுவைப் பரப்பைச் சதுர அடியிலும், ஆயுளை, அதாவது விட்ட பிறகு எவ்வளவு நேரம் சிமுலேட்டரில் இருக்கும் என்பதை, வினாடியிலும் கொடுக்க வேண்டும். அதிகம் பிழைப்பது ஆயுளில். 10,000 அடி உயரத்தில் விட்ட குண்டு காற்றுத்தடை இல்லாவிட்டாலும் தரைக்கு வர 25 வினாடி எடுக்கும். ஆயுளை 20 என்று போட்டால் குண்டு நடுவானில் மறைந்துவிடும், தாக்கம் பற்றிய அறிக்கையே வராது. விளையாடுபவர் குறி தவறிவிட்டது என்று நினைத்து இன்னொன்றை விடுவார். உண்மையில் தவறிய குண்டு மறைவதில்லை, வேறொருவர் வளவில் விழுகிறது. ஆயுளை 60க்குக் குறையாமல் போடுங்கள். அதே உயரத்தில் வினாடிக்கு 150 மீற்றர் வேகத்தில் போகும் விமானத்தில் இருந்து விட்டால், தடையைக் கழிக்காமல் பார்த்தால், குண்டு முன்னோக்கி 3.7 கிலோமீற்றர் போகும். மட்டக்களப்பு வாவி பெரும்பாலான இடங்களில் அதைவிட ஒடுக்கம். கிழக்கே எழுவான்கரைக்கு மேலே விட்டது மேற்கே படுவான்கரையில் விழும். ஒரு வினாடி பிந்தி அமத்தினால் 150 மீற்றர் தள்ளி விழும். ஊருக்குள் 150 மீற்றர் என்றால் இரண்டு மூன்று ஒழுங்கை. இந்தப் பிழையைத் திருத்திக் கொடுக்கும் ‘உதவி’ வசதிகள் பல விளையாட்டுகளில் இருக்கின்றன. அவற்றை நிறுத்திவையுங்கள்.

அடுத்தது தரை. பெரிய வேலை இதுதான், பெரும்பாலானோர் கைவிடுவதும் இதைத்தான்.

எவரும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தில் இருந்து கட்டடங்களின் உருவரைகளை எடுக்கலாம். எடுத்த உடனே பாவித்தால் ஒரு பெரிய பிழை வரும். பட்டணப் பக்கத்தில் கட்டடங்கள் நெருக்கமாக வரையப்பட்டிருக்கும். வாவிக்கு மேற்கே பல ஊர்களில் பாதையும் கோயிலும் மட்டும் இருக்கும். வரையாத வீடு சிமுலேட்டரில் வெற்று நிலம். வெற்று நிலம் என்றால் குண்டு போடப் பாதுகாப்பான இடம் என்று மிஷன் செய்பவர் அடையாளமிடுவார். தரவு இல்லாததை ஆள் இல்லாததாக வாசிக்கும் பிழை இது. தென்னைக்குக் கீழே கிடுகால் வேய்ந்த வீடு செய்மதிப் படத்திலும் தெரியாது. எனவே இலக்குக்கு அண்மையில், ஆகக் குறைந்தது 2 கிலோமீற்றர் ஆரத்துக்கு, நீங்களே வரைந்து முடித்த பிறகுதான் மிஷன் எழுதத் தொடங்க வேண்டும். கிணறு, வேலி, ஒற்றையடிப் பாதை தெரிந்தால் அருகில் வீடு இருக்கிறது. ஒரு வீட்டை ஒட்டி வரும் மிகச் சிறிய உருவரை பெரும்பாலும் குசினி, மலசலகூடம் அல்லது கொட்டில். அதை வீடாக எண்ணாமல் பக்கத்து வீட்டோடு சேருங்கள்.

ஆள்கூறுகளை ஐந்து தசம தானத்தில் சேமியுங்கள். மூன்று தானத்தோடு விட்டால் 0.001 பாகை என்பது 111 மீற்றர். பள்ளிக்கூடம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஐந்து தானத்தில் பிழை ஒரு மீற்றருக்குள் நிற்கும். பழைய சீனரிகளில் கரைக்கோடு கரடுமுரடாக வரையப்பட்டிருப்பதால் வாவியோரத்து வீடுகள் தண்ணீருக்குள் நிற்கும். ஃப்ளைட்கியரின் நிரல் மொழியான நாசாலில் உள்ள ‘ஜியோட்இன்ஃபோ’ செயற்கூறு அந்தப் புள்ளி நீரா நிலமா என்று சொல்லும். தண்ணீருக்குள் வரும் வீடுகளைப் பட்டியல் எடுத்துக் கையால் திருத்துங்கள்.

இனி ஆட்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் 4 பேர் என்று வைத்தால் கணக்கு உண்மையை விட்டு அதிகம் விலகாது. ஆனால் அந்த நாலு பேரும் நாள் முழுக்க வீட்டில் இருப்பதில்லை. எங்கள் பக்கத்துக்கு நேர அட்டவணை இப்படி அமையும். இரவு எல்லாரும் வீட்டில், வாவியில் தோணிகளில் ஓரிருவர். காலை 7.30 முதல் 1.30 வரை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பின்னேரம் ரியூசன் கொட்டில்கள் நிறையும். வெள்ளி நண்பகல் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பள்ளிவாசல்கள் நிறைந்திருக்கும். ஞாயிறு காலை தேவாலயங்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் நிற்க இடம் இருக்காது. பெரும்போக அறுவடைக் காலத்தில் வெறும் வயலாகத் தெரியும் இடங்களில் வாடி போட்டு ஆட்கள் தங்குவார்கள், இரவுக் காவலுக்குப் பரணில் இருப்பார்கள். மேலே இருந்து பார்ப்பவருக்கு நடு வயலில் இரவில் தெரியும் சூடான புள்ளி எதிரியாகத் தோன்றும். அது யானைக் காவலுக்கு மூட்டிய நெருப்பு. இப்படியான ஒரு புள்ளியையாவது ஒவ்வொரு இரவு மிஷனிலும் கட்டாயம் வையுங்கள்.

காலத்தையும் கவனியுங்கள். 1990களை வைத்து மிஷன் செய்பவர்கள் இன்றைய வரைபடத்தை அப்படியே போடுகிறார்கள். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அது துறை. ஆட்களும் சைக்கிளும் நெல்மூடையும் கரையில் காத்து நின்று கடந்த இடம். பாலம் இருந்தால் ஆட்கள் கடந்து போய்விடுவார்கள், துறை இருந்தால் கூட்டம் நிற்கும். கல்லடியில் புதிய பாலம் 2013இல் திறந்தது. அதற்கு முன்னைய காலத்துக்குப் பழைய இரும்புப் பாலம் மட்டும்தான். நாவலடியின் இன்றைய செய்மதிப் படத்தில் வெறுமையாகத் தெரியும் இடங்களில் 2004 சுனாமிக்கு முன் வீடுகள் இருந்தன.

உண்மையில் நடந்த படுகொலைகளை, சுற்றிவளைப்புகளை, குண்டுவீச்சுகளை விளையாடும் மிஷனாகச் செய்யவே வேண்டாம். எங்களுக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை. வாவி, முகத்துவாரம், வயல், குளம் என்ற நில அமைப்பை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களை மாற்றிக் கற்பனைத் தீவு ஒன்றைச் செய்யலாம். பெயரை மட்டும் மாற்றிவிட்டு கோபுரத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் அப்படியே விட்டால் யாருடைய ஊர் என்று எல்லாருக்கும் விளங்கும். அடையாளக் கட்டடங்களையும் இடம் மாற்றுங்கள்.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்கே உரியது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரு வீதியின் இரண்டு பக்கம், அம்பாறையில் கொஞ்சம் உள்ளே போனால் சிங்கள ஊர். மிஷன் செய்பவர் வசதிக்காக ‘எதிர்த் தரப்பு’ ஆட்களுக்கு ஒரே வகை உடுப்பு, ஒரே வகைப் பெயர், ஒரே மொழிக் குரல் கொடுத்துவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, மொடல் தொகுதி அப்படிக் கிடைக்கும். விளையாடி முடிக்கும்போது ஒரு சமூகத்தின் உடுப்பே சுடும் அடையாளமாகப் பழகிவிடும். பொதுமக்கள் மொடல்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் போட்டு எழுமாற்றாக எடுக்கச் செய்யுங்கள். ஆயுததாரிகளுக்குச் சமயம், இனம் காட்டும் எதையும் அணிவிக்க வேண்டாம். பெயர்ப் பட்டியலை வெளியிடுவதற்கு முன் மூன்று சமூகத்திலும் இருந்து ஆளுக்கொருவர் வாசிக்க வேண்டும். உண்மையான அமைப்புகளின் கொடியும் சின்னமும் கோப்பில் இருக்கக்கூடாது. தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னம் இருந்தால் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ற பெயரில் பிரச்சினை செய்தவருக்கு மட்டுமல்ல, பென்டிரைவில் வாங்கிய பிள்ளைக்கும் வரலாம்.

செஞ்சிலுவைச் சின்னத்தையும் எடுத்துவிடுங்கள். அது ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட சின்னம், மருந்துப் பெட்டிக்கான பொதுப் படம் கிடையாது. 2017இல் சிறைச்சாலை கட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்தவர்களிடம் பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டு, அம்புலன்சில் இருந்த சின்னம் மாற்றப்பட்டது. பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை போட்டால் முதலுதவி என்று எல்லாருக்கும் விளங்கும்.

புள்ளி கொடுப்பதில்தான் நல்ல மனதோடு செய்பவர்களும் சறுக்குகிறார்கள். ராடாரை அழித்தால் 100 புள்ளி, வீடு சேதமானால் 20 கழியும் என்று வைத்தால் வீட்டுக்கு விலை போட்டாயிற்று. விளையாடுபவர் கணக்குப் பார்ப்பார்: நாலு வீடு போனாலும் 20 மிச்சம். கழிவை 200 ஆக்கினாலும் விலை ஏறியதே தவிர வியாபாரம் நிற்கவில்லை. இரண்டு பேரேடு வையுங்கள். ஒன்றில் பறப்பும் இலக்கும், மற்றதில் தரையில் நடந்தது. இரண்டையும் எங்கேயும் கூட்டவோ கழிக்கவோ கூடாது. தரைப் பேரேட்டில் எண்ணோடு விபரமும் வரவேண்டும்: எத்தனை மணி, எந்தக் கட்டடம், அந்த நேரம் யார் உள்ளே, கிணறும் பாதையும் என்ன ஆயின. இரத்தம், உடல் எதையும் காட்ட வேண்டாம். காட்டினால் அதைப் பார்ப்பதற்கென்றே குண்டு போடுவார்கள்.

பொதுமக்கள் இறந்த உடனே ‘மிஷன் தோல்வி, மீண்டும் தொடங்கு’ என்று திரை வருவதும் சரியில்லை. அது நடந்ததை அழிக்கிறது. மிஷன் ஓடட்டும், அவர் திரும்பி வந்து இறங்கட்டும். சேதத்தைத் தனிக் கோப்பில் எழுதி அடுத்த மிஷன் தொடங்கும்போது வாசிக்கச் செய்யுங்கள். உடைந்த பாலம் அடுத்த மிஷனிலும் உடைந்திருக்கும்; அரிசி லொறி சுற்றிப் போகும், பிந்தும். மீளத் தொடங்கும் பொத்தான் இந்தக் கோப்பைத் தொடக்கூடாது. ஊர் முழுக்கச் சேதப் பதிவு சேர்ந்தால் ஒவ்வொரு தாக்கத்துக்கும் எல்லா வீட்டையும் அளந்து படம் தடுமாறும். நிலத்தை 0.01 பாகைச் சதுரங்களாகப் பிரித்து, விழுந்த சதுரத்தையும் சுற்றியுள்ள எட்டையும் மட்டும் அளந்தால் போதும்.

போடாமல் திரும்புவது முழு வெற்றியாகக் கணக்கிடப்பட வேண்டும். அதற்கும் சிமுலேட்டர் வேலை இருக்கிறது. குண்டோடு இறங்கினால் இறங்கும் எடை வரம்பை மீறலாம், எரிபொருளைக் குறைக்கச் சுற்ற வேண்டும், இறங்கும் வேகத்தைக் கூட்ட வேண்டும், ஓடுபாதை போதுமா என்று பார்க்க வேண்டும். ‘கடலில் போட்டுவிட்டு வா’ என்று எழுதுபவர்கள் அந்தக் கடலில் படகு வையுங்கள். விமானியின் திறமை உண்மையாகவே தெரிவது இப்படித் திரும்பும் மிஷன்களில்தான்.

எதிரிக்கு மேலே சிவப்புப் பெயர் மிதக்கும் லேபல் வசதி பல சிமுலேட்டர்களில் இருக்கிறது, டி.சி.எஸ் என்ற போர் விமானச் சிமுலேட்டரில் அதைச் சேர்வர் மட்டத்தில் நிறுத்தலாம், நிறுத்துங்கள். போர்ச் சட்டம் முதலில் கேட்பது பொதுமகனையும் போராளியையும் பிரித்தறிவதை. லேபல் அதை விளையாடுபவருக்காகச் செய்து கொடுத்துவிடுகிறது. ஆர்மா 3 என்ற தரைப்படைப் போர் விளையாட்டுக்கு 2017இல் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஆலோசனையோடு போர்ச் சட்டங்கள் பற்றிய ஒரு தொகுப்பு வந்தது. கண்ணிவெடி அகற்றுபவராகவும் அதில் விளையாடலாம். ஆயுதச் சிமுலேட்டரில் இதைச் செய்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பவர்களுக்கு அதுவே பதில். அதே விளையாட்டில் மிஷன் செய்யும் தொகுப்பியில் பொதுமக்களை நடமாடவிடும் மொடியூல் உண்டு. ஆட்கள் தோன்றும் இடத்தையும் ஒதுங்கும் இடத்தையும் தனித்தனியே வைக்க வேண்டும். ஒதுங்கும் இடங்களைத் திறந்த வீதியில் வைத்துவிட்டு ‘சனம் ஏன் நடுவில் நிற்குது’ என்று கேட்கக்கூடாது. வீட்டுக்குள், கோயிலுக்குள், மரத்தடியில் வையுங்கள். அதில் வழமையாக உள்ள மதிப்பெண் முறை பொதுமகனைச் சுட்டால் சுட்டவரின் மதிப்பைக் குறைக்கும், -2000க்குக் கீழே போனால் சொந்தத் தரப்பே அவரைச் சுடும். இது தண்டனை, தரையில் நடந்தது பற்றிய பதிவு இல்லை. பதிவை நீங்கள் தனியே எழுத வேண்டும்.

கண்ணிவெடி பற்றியும் ஒரு வார்த்தை. மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது 2017இல், சண்டை முடிந்து பல வருடம் கழித்து. விளையாட்டில் அது மிஷன் முடிந்ததும் மறைகிறது. மிதிவெடி வைக்க விடும் விளையாட்டில் அதை எடுக்கும் வேலையும் இருக்க வேண்டும்: ஒரு மீற்றர் அகலப் பாதை, உலோகம் காட்டும் கருவி, சாய்வாகக் குத்திப் பார்க்கும் கம்பி, சிவப்பும் வெள்ளையும் பூசிய கட்டைகள். வைப்பதற்குச் சில வினாடி என்றால் எடுப்பதற்கு அதன் பல நூறு மடங்கு நேரம் கொடுங்கள்.

ஒலி. வாசிகசாலையிலோ பள்ளி மண்டபத்திலோ காட்டும்போது ஸ்பீக்கரில் விடவே வேண்டாம், ஹெட்போன் மட்டும். தாழ்ந்த அதிர்வு சுவர் தாண்டிப் போகும், சப்வூஃபரைக் கழற்றிவிடுங்கள். ஹெலி, தாழப் பறக்கும் ஜெட், செல் மூன்றுக்கும் தனித்தனி ஒலிக் கட்டுப்பாடு வைத்து, தொடக்கத்தில் குறைவாக வையுங்கள். வாசலில் என்ன ஒலி வரும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஒருவர் எழும்பி வெளியே போனால் காரணம் கேட்க வேண்டாம்.

திறந்த மூலத்தில் வெளியிடுபவர்கள் ‘இதைப் போருக்குப் பாவிக்கக்கூடாது’ என்று உரிமத்தில் எழுத நினைப்பார்கள். ஃப்ளைட்கியர் ஜி.பி.எல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கிறது. அதில் என்ன நோக்கத்துக்குப் பாவிக்கலாம் என்ற தடையைச் சேர்க்க முடியாது. உங்கள் கையில் இருப்பது எதைப் பொதி செய்கிறீர்கள் என்பதுதான். விமானம் ஒரு பொதி, ஆயுதம் வேறு பொதி, தரைக் கணக்கு ஆயுதப் பொதிக்குள். தரைக் கோப்பு இல்லாவிட்டால் ஆயுதம் ஏற்றப்படாதபடி எழுதுங்கள். யாராவது அந்த வரியை அழிக்கலாம். ஆனால் அழிக்கிறோம் என்று தெரிந்து அழிப்பார்கள். பலர் சேர்ந்து பறக்கும் சேர்வரில் சேத வசதி ஒவ்வொரு முறையும் நிறுத்திய நிலையில் தொடங்க வேண்டும், இரண்டு பக்கமும் அதை இயக்கினால் மட்டும் வேலை செய்ய வேண்டும். மட்டக்களப்பு ஓடுபாதையில் செஸ்னா என்ற சிறு விமானத்தில் இறங்கப் பழகும் பிள்ளையை யாரும் குறிவைக்க முடியக்கூடாது.

வெளியிடுவதற்கு முன் செய்யும் சோதனை இது. அதே மிஷனை விமானத்தில் ஏறாமல், இலக்கில் இருந்து 500 மீற்றர் தள்ளி ஒரு வீட்டு வாசலில் கமராவை வைத்து முழு நேரமும் ஓடவிடுங்கள். 10,000 அடியில் போகும் விமானத்தின் ஒலி தரைக்கு வர 9 வினாடி எடுக்கும். அதற்குள் விமானம் ஒரு கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும், நிமிர்ந்து பார்ப்பவர் வெறும் வானத்தைத்தான் பார்ப்பார். உங்கள் மிஷனில் ஒலியும் விமானமும் ஒன்றாக வந்தால் ஒலித் தாமதத்தைத் திருத்துங்கள். குண்டின் ஒலிக்கும் 340 மீற்றருக்கு ஒரு வினாடி. வாசலில் நின்றவர் எங்கே ஓடுவார், அந்த இடம் கோப்பில் இருக்கிறதா, பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் பதிவில் வந்தார்களா, அடுத்த நாள் மிஷனில் அந்த வளவு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்காவது விடை இல்லாவிட்டால் ஆயுதப் பொதியை நிறுத்திவைத்து விமானத்தை மட்டும் வெளியிடுங்கள். 2011 வெள்ளம் மாதிரி ஒரு வெள்ளத்தில் படுவான்கரைக்குச் சாப்பாட்டுப் பொதி இறக்கும் மிஷன் அதே விமானியிடம் அதே திறமையைத்தான் கேட்கும்.